சம்பளம் குறைந்த காலத்து ஆட்டக்காரர் ஓய்வுக்குப் பின் நிலைத்து நின்றார். இன்றையவர் ஏன் தடுமாறுகிறார்?

செந்தூல்வாசி எழுதியது:

1989-இல் பகுதிநேரத் தொழில்முறை லீக் தொடங்கும் வரை, நம் மலேசியக் காற்பந்து லீக்கில் ஆடியவர்களில் ஏறத்தாழ எல்லாருக்குமே காற்பந்துக்கு வெளியே ஒரு வேலை இருந்தது. வங்கி, மின்சார வாரியம், தொலைபேசி இலாகா, போலீஸ், இராணுவம், சுங்கத்துறை என்று எங்கோ ஓரிடத்தில் காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு, மாலையில் பயிற்சிக்கு வருவார்கள். 1972-இல் மூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3-0 என வென்ற அணியும், 1974-இல் தெஹ்ரானிலிருந்து ஆசிய விளையாட்டுப் போட்டியின் வெண்கலத்தைக் கொண்டுவந்த அணியும், 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும் புறக்கணிப்பினால் போக முடியாமல் நின்ற அணியும் அப்படிப்பட்டவர்களால் ஆனவை.

அந்தத் தலைமுறையில் பலரைக் கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நான் நேரில் அறிவேன். கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர்கள் போய் அமர அதே மேசை இருந்தது. 55 வயதில் இலாகாவை விட்டு வெளியே வந்தபோதுதான் அவர்கள் உண்மையில் ஓய்வு பெற்றார்கள். (தேசிய அணியின் கோல்காவலர் ஆர். ஆறுமுகம் 1988-இல் கார் விபத்திலும், அதன் கோலடிப்பாளர் மொக்தார் டஹாரி 1991-இல் நரம்பு நோயிலும் நாற்பது வயதைக் காணாமலே மறைந்துவிட்டார்கள். அவர்களுடைய ஓய்வுக்கால வாழ்க்கையைப் பேசும் வாய்ப்பே நமக்குக் கிடைக்கவில்லை.)

1994-இல் லீக் முழுத் தொழில்முறையானது. இன்றைய ஆட்டக்காரர் அன்றையவரைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்குகிறார். ஆனால் 32, 33 வயதில் ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, இனி என்ன என்று யோசிக்கிறார். தொழில்முறை ஆட்டம் வந்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது வந்தபோது அந்த மேசையை எடுத்துவிட்டார்கள். அதன் இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை என்பதே என் எண்ணம். 1994, 95-ஆம் ஆண்டுகளில் ஆட்ட முடிவுகளை விற்ற லஞ்ச விவகாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டு, பலர் தடை செய்யப்பட்டு, சிலர் வேறு ஊர்களில் கட்டுப்பாட்டுடன் வசிக்க வைக்கப்பட்டபோதே இது வெளிப்பட்டது. குற்றம் செய்தவர்களுக்காக நான் பரிந்து பேசவில்லை. ஆனால் தடைக்குப் பின் திரும்பிப் போக ஓர் அலுவலகம் இல்லாத முதல் தலைமுறை அவர்கள்தான்.

இதைப் பற்றி நேரில் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பிஜே கணக்கர் எழுதியது:

ஐயா, பழைய காலத்தின் மீதுள்ள மதிப்பு உங்கள் கண்ணைச் சற்று மறைக்கிறதோ என்று தோன்றுகிறது. ஆட்டக்காரர்கள் சிலருக்கு நான் வருமான வரிக் கணக்கு பார்த்திருக்கிறேன். ஒப்பந்தம் கையெழுத்தான மாதமே கார் வாங்கப்படும். அதன் தவணை ஒன்பது ஆண்டுகளுக்கு ஓடும். ஒப்பந்தமோ ஓராண்டுக்கு மட்டுமே. இதில் கழகத்தையோ சங்கத்தையோ குறை சொல்லி என்ன பயன்? மாதம் எட்டாயிரம் ரிங்கிட் வாங்கும் இருபத்தைந்து வயது எழுத்தர் எவரும் நம் அலுவலகங்களில் இல்லை. அந்தப் பணத்தைக் கையாளத் தெரியாமல் இழந்தவர்களுக்கு ஓய்வு ஒரு துன்பமாக முடிவதில் வியப்பில்லை.

இது நம் நாட்டு நோய் மட்டும் அன்று. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஆடியவர்களில் ஐவரில் மூவர், ஓய்வு பெற்ற ஐந்தாண்டுகளுக்குள் திவாலாகிவிடுகிறார்கள் என்று அங்குள்ள முன்னாள் ஆட்டக்காரர்களின் நல அமைப்பான எக்ஸ்புரோ கூறியிருக்கிறது. வாரத்துக்குப் பல்லாயிரம் பவுண்டு வாங்கியவர்களுக்கே அந்தக் கதி என்றால், மேசை இருந்ததா இல்லையா என்பதல்ல கேள்வி. சிக்கனம் இருந்ததா என்பதே கேள்வி.

பட்டர்வொர்த் வலக்காவலர் எழுதியது:

நான் இரண்டு மாநில அணிகளுக்கு ஆடியவன். தேசிய அணிக்கு அழைக்கப்பட்டேன், களமிறங்கவில்லை. கணக்கர் ஐயா சொல்லும் காரை நானும் வாங்கினேன், விற்றேன். அது பெரிய வலியாக இல்லை. பெரிய வலி எது என்பதை எழுதிப் பார்க்கிறேன்.

என் ஒப்பந்தம் முடியும் மாதம் எனக்குத் தெரியும். அதைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்பதுதான் தெரியாது. யாரும் அழைத்துச் சொல்லவில்லை. அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என் எண் நீக்கப்பட்டிருந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். பயிற்றுநர் நல்ல மனிதர். அவருக்கும் அந்த மாதம் சம்பளம் வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். காயத்தினால் விலகியவருக்கு மருத்துவர் ஒரு நாள் குறிப்பார். விரும்பி விலகியவருக்கு அவர் மனமே ஒரு நாள் குறிக்கும். என்னைப் போன்றவர்களுக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. இன்னொரு கழகம் அழைக்கக்கூடும் என்று தினமும் மாலையில் தனியாக ஓடிக்கொண்டிருந்தேன். பருவ இடைநடுவில் ஆட்டக்காரர் பதிவு திறக்கும் காலம் வந்து போயிற்று. அழைப்பு வரவில்லை. எந்த நாளில் நான் முன்னாள் ஆட்டக்காரன் ஆனேன் என்று கேட்டால் இன்றும் பதில் சொல்ல முடியாது.

பதினாறு வயதில் விளையாட்டு விடுதியில் சேர்ந்ததிலிருந்து, எப்போது எழ வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்பதை மற்றவர்களே எனக்குச் சொன்னார்கள். என் காரின் சாலை வரியைக்கூடக் கழகத்து எழுத்தர்தான் புதுப்பித்தார். அதைச் சலுகை என்று நினைத்திருந்தேன். வெளியே வந்தபின், முப்பது வயதைக் கடந்த ஒருவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய பல காரியங்கள் எனக்குத் தெரியவில்லை என்பதைக் கண்டேன். வேலை விண்ணப்பத்தில் 'அனுபவம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று மனைவியைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

சில காலம் கிரேப் வாடகைக் கார் ஓட்டினேன். பயணிகளில் சிலர் என்னை அடையாளம் கண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். அது மகிழ்ச்சியா அவமானமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சில நாள்களில் முகக்கவசம் அணிந்துகொண்டு ஓட்டினேன். பிறகு என் மாமா ஒருவர் பிறையில் ஒரு லோரி நிறுவனத்தில் சரக்கு அனுப்பும் பிரிவில் சேர்த்துவிட்டார். என்னைவிட எட்டு வயது இளைய மேற்பார்வையாளர் எப்படி ஆவணம் நிரப்புவது என்று கற்றுக்கொடுத்தார். பந்தைத் தொட்டால் இருபதாயிரம் பேர் எழுந்து நிற்பதைப் பார்த்தவனுக்கு, எல்லாரிலும் கடைநிலைக்காரனாக மீண்டும் தொடங்குவது எவ்வளவு கடினம் என்பதை, சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பணம் வைத்திருந்தாலும் அந்த நாற்காலியில் ஒருநாள் அமர்ந்துதான் ஆக வேண்டும். செந்தூல் ஐயா சொல்லும் பழைய ஆட்டக்காரர் இருபது வயதிலேயே அதில் அமர்ந்துவிட்டார். அவர் கடைநிலையில் இருந்து கற்றதெல்லாம், யாரும் கவனிக்காத வயதில் நடந்து முடிந்துவிட்டது.

ஜோர்ஜ்டவுன் இயன்முறையாளர் எழுதியது:

வலக்காவலர் அண்ணன் எழுதியதற்கு நன்றி. நான் இயன்முறை சிகிச்சை அளிப்பவள். முன்னாள் ஆட்டக்காரர்கள் முழங்காலோடு என்னிடம் வருவார்கள், பேச்சு வேறெங்கோ போய்விடும்.

முதலில், கணக்கர் ஐயா காட்டிய ஐவரில் மூவர் என்ற கணக்கை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். இங்கிலாந்தின் தொழில்முறைக் காற்பந்தாளர் சங்கம் அதை ஏற்கவில்லை. அது சொன்ன விகிதம் மிகக் குறைவு. டேவிட் ஜேம்ஸ் போன்ற பெரிய பெயர்கள் திவாலானது உண்மை. சில பெரிய பெயர்களை வைத்து எல்லாருக்கும் விகிதம் போட முடியாது.

இதைவிட உறுதியான ஆய்வு ஒன்று உண்டு. உலக ஆட்டக்காரர் சங்கமான ஃபிஃப்புரோ 2015-இல் வெளியிட்டது. ஆடிக்கொண்டிருந்த 607 பேரையும் ஓய்வு பெற்ற 219 பேரையும் கேட்டார்கள். மனச்சோர்வு அல்லது பதற்றத்தின் அறிகுறிகள் ஆடிக்கொண்டிருந்தவர்களில் 38 விழுக்காட்டினரிடமும், ஓய்வு பெற்றவர்களில் 35 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓய்வுக்குப் பின்தான் மனம் உடைகிறது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஆடும்போதே அது உடைந்திருக்கிறது, ஆட்டம் அதை மூடி வைத்திருக்கிறது. வித்தியாசம் வேறோர் இடத்தில் இருந்தது. தீங்கான அளவில் மது அருந்தியவர்கள் ஆடியவர்களில் 9 விழுக்காடு. ஓய்வு பெற்றவர்களில் 25. மறுநாள் காலைப் பயிற்சி என்ற தடை போனதும் கை எங்கே நீள்கிறது என்பதை அந்த எண் காட்டுகிறது. கடுமையான காயங்கள் மூன்றோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு மனநலச் சிக்கல் வரும் வாய்ப்பு மிகுதி என்றும் அதே ஆய்வு கண்டது.

உடலைப் பொறுத்தவரை, நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களை மற்ற ஆண்களோடு ஒப்பிட்டபோது, முழங்கால் வலி ஆட்டக்காரர்களிடம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. எங்களிடம் வருகிறவர்களில் பலர், மாலை ஐந்து மணிக்கு உடம்பு தானாகவே துடிக்கிறது, ஆனால் முழங்கால் இடம் கொடுப்பதில்லை என்பார்கள். பதினைந்து ஆண்டுகள் கடுமையாக உழைத்த இதயமும் தசையும் ஒரே நாளில் நின்றுவிடுவது நல்லதன்று. தூக்கம் கெடும், எடை ஏறும், மனநிலை தாழும். ஒலிம்பிக் அணிகளில் பயிற்சியைப் படிப்படியாகக் குறைத்து வெளியே அனுப்பும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. நம் கழகங்களில் ஒப்பந்தம் முடிந்த மறுநாள் முதல் உடற்பயிற்சிக் கூடத்தின் கதவே திறக்காது.

தலையைப் பற்றியும் ஒரு சொல். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரின் இறப்புப் பதிவுகளை கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2019-இல் ஆராய்ந்தபோது, நரம்புச் சிதைவு நோய்களால் இறந்தவர்கள் பொதுமக்களைவிட மூன்றரை மடங்கு மிகுதியாக இருந்தார்கள். இதய நோயால் இறந்தவர்களோ பொதுமக்களைவிடக் குறைவு. அதே குழு 2021-இல் வெளியிட்ட தொடர் ஆய்வில் கோல்காவலர்களுக்கு நரம்பு நோய் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்பது பந்தைத் தலையால் முட்டுவதன் மீது சந்தேகத்தைத் திருப்புகிறது. இதை மொக்தாரின் நோயோடு முடிச்சுப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். ஒரு தனி மனிதருக்கு நோய் ஏன் வந்தது என்பதை இத்தகைய ஆய்வு சொல்லாது.

பத்துமலை ஆசிரியை எழுதியது:

ஆடியவர்கள் எழுதிவிட்டார்கள். அவர்களோடு வாழ்கிறவர்களின் பக்கத்தை நான் எழுதுகிறேன். என் கணவர் லீக்கில் ஆடியவர். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை.

ஆடிய ஆண்டுகளில் அவர் வீட்டில் இருந்த வார இறுதிகள் குறைவு. பிள்ளைகளின் பள்ளி, மருத்துவமனை, மின்கட்டணம் எல்லாம் என் கையில் இருந்தன. அதற்கு ஏற்ப வீடும் ஓர் ஒழுங்கில் ஓடியது. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவர் அந்த ஒழுங்கில் தனக்கு இடம் இல்லை என்பதைக் கண்டார். மகனின் வீட்டுப்பாடத்தைத் திருத்த முற்பட்டார். மகன் என் முகத்தைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையினால் நடந்த சண்டை, பணத்தினால் நடந்த எந்தச் சண்டையையும்விடப் பெரியது.

பணமும் சிக்கல்தான், ஆனால் கணக்கர் ஐயா சொல்லும் வழியில் அன்று. வருமானம் நின்றது, மரியாதையின் செலவு நிற்கவில்லை. உறவினர் திருமணத்தில் ஆட்டக்காரர் வைக்கும் மொய் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஊர் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது. கோயில் திருவிழாக் குழு, இளைஞர் மன்றம், எழுவர் காற்பந்துப் போட்டி நடத்துகிறவர்கள் என்று எல்லாரும் நன்கொடைப் புத்தகத்தோடு வருவார்கள். 'உங்களுக்கு இதெல்லாம் ஒரு தொகையா?' என்பார்கள். இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது. முதல் இரண்டு தீபாவளிக்கு விருந்துகளுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு அழைப்பு குறைந்தது. நன்கொடைப் புத்தகம் மட்டும் தொடர்ந்து வந்தது.

மனநல ஆலோசகரைப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது, 'எனக்குப் பைத்தியமா?' என்று கேட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. எங்கள் பள்ளியின் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பயிற்சி கொடுக்க ஆள் இல்லை என்று தலைமையாசிரியர் சொல்லியனுப்பியபோது, முணுமுணுத்துக்கொண்டே போனார். சம்பளம் இல்லை. ஆனால் செவ்வாயும் வியாழனும் நான்கு மணிக்கு ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். போகாவிட்டால் பதினைந்து பிள்ளைகள் திடலில் காத்திருப்பார்கள். அவர் குணமானார் என்று சொல்லமாட்டேன். நான்கு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறார்.

செந்தூல்வாசி எழுதியது:

ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்தபின் பொன்னாடை வாங்கி வைத்திருக்கும் எங்கள் சங்கத்துக்கும் ஒரு பங்கு இருப்பது தெரிகிறது. அடுத்த கூட்டத்தில், முன்னாள் ஆட்டக்காரர்களிடம் நன்கொடை கேட்பதை நிறுத்தும்படி நான் எழுத்தில் கொடுக்கப் போகிறேன். தலைவர் முகம் சுளிப்பார்.

பிஜே கணக்கர் எழுதியது:

மேசையைப் பற்றிய வாதத்துக்குச் சட்டத்தின் பக்கத்திலிருந்து நான் சிலவற்றைச் சேர்க்கிறேன்; இவை சிக்கனத்துக்கு அப்பாற்பட்டவை.

மாதம் 8,000 ரிங்கிட் சம்பளத்தில் எட்டு ஆண்டுகள் ஆடிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊழியர் சேமநிதிக்கு அவர் பங்கு 11 விழுக்காடு. சம்பளம் 5,000-க்கு மேல் என்பதால் கழகத்தின் பங்கு 12. மாதம் 1,840 ரிங்கிட். எட்டு ஆண்டுகளில் ஈவுத்தொகை சேர்க்காமல் 1,76,640. நல்ல தொகைதான். ஆனால் 2024 மே மாதம் முதல் நடப்பிலுள்ள மூன்று கணக்கு முறையில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்குப் போவது 10 விழுக்காடு மட்டுமே. எட்டு ஆண்டும் இதே முறையில் சேர்ந்தாலும் அது 17,664 ரிங்கிட். ஆடிய காலத்து இரண்டு மாதச் சம்பளத்தைச் சற்றே தாண்டும். வீடு வாங்குவது போன்ற குறிப்பிட்ட தேவைகள் நீங்கலாக, மற்றதில் ஒரு பகுதி 50 வயதிலும் பெரும்பகுதி 55 வயதிலும் கைக்கு வரும். 32 வயதில் வெளியேறியவருக்கு இடையில் 23 ஆண்டுகள். முதுமைக்காக வடிவமைக்கப்பட்ட திட்டம் இது. அந்த நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆட்டக்காரரின் 'முதுமை' முப்பதுகளில் வந்துவிடுவதுதான் சிக்கல்.

வேலை இழந்தோருக்கு, ஊழியர்களின் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ நடத்தும் வேலை காப்புறுதித் திட்டம் உதவுமே என்று கேட்பீர்கள். ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுவது போன்றவற்றுக்கு அது உதவும். குறித்த கால ஒப்பந்தம் காலம் முடிந்து புதுப்பிக்கப்படாமல் போவதை அது வேலை இழப்பாகக் கொள்வதில்லை. ஆட்டக்காரர் எல்லாருமே குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். தொழிற்சாலை ஊழியருக்குக் கிடைக்கும் அந்தச் சில மாதத் தாங்கல்கூட இவர்களுக்கு இல்லை. மாதாந்தர விளையாட்டு ஓய்வூதியமோ ஒலிம்பிக், பாராலிம்பிக் பதக்கம் வென்றவர்களுக்கு. மூனிக்கில் ஆடிய காற்பந்து அணியும் அதற்குள் வராது.

இவையெல்லாம், கழகம் பிடித்த பணத்தை ஒழுங்காகக் கட்டியிருந்தால் என்ற அனுமானத்தில் எழுதியவை. நம் லீக்கில் சம்பள நிலுவை எவ்வளவு பழைய கதை என்பது எல்லாருக்கும் தெரியும்.

இளைய நடுக்களம் எழுதியது:

நான் இன்னும் ஆடிக்கொண்டிருப்பவன், வயது 29. இந்த இழையைப் படித்தபின் இரவு தூக்கம் வரவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. இடைநிலைப் பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். வரை படித்திருக்கிறேன். 2022 பருவத்தோடு பெட்டாலிங் ஜெயா சிட்டி லீக்கிலிருந்து விலகியபோது, உள்நாட்டு ஆட்டக்காரர்களை நம்பி நின்ற ஓர் அணியே இல்லாமல் போனதைப் பார்த்தேன். அடுத்த பருவத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் இடம் தேடினார்கள். எங்கள் உடைமாற்றும் அறையில் எல்லாரும் சொல்வது, 'பிறகு பயிற்றுநர் ஆகிவிடுவேன்' என்பதுதான். அது எவ்வளவு நடக்கக்கூடியது என்று மூத்தவர்கள் சொல்ல வேண்டும்.

பட்டர்வொர்த் வலக்காவலர் எழுதியது:

தம்பி, கே. ராஜகோபால் ஆட்டக்காரராக இருந்து பயிற்றுநராகி, 2009-இல் தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுத் தங்கத்தையும் 2010-இல் ஆசியான் கிண்ணத்தையும் வென்று தந்தார். பி. சத்தியநாதனும் அந்த வழியில் தேசிய அணி வரை போனவர். செர்பெகெத் சிங் மைக்கைப் பிடித்து ஆசியா முழுதும் தெரிந்த விமர்சகரானார். 2012-இல் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்தில் பதவி வகித்தார். இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் நாம் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்கிறோம். இவர்கள் ஒவ்வொருவரோடும் ஆடியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. ஓர் அணியில் இருபத்தைந்து முப்பது ஆட்டக்காரர்கள். தலைமைப் பயிற்றுநர் ஒருவர், உதவியாளர் இருவர் மூவர், அவர்களிலும் சிலர் வெளிநாட்டவர். ஆசியக் காற்பந்து சம்மேளனத்தின் 'சி' பயிற்றுநர் உரிமத்திலிருந்து 'பி', 'ஏ' என்று ஏறி 'புரோ' வரை போக ஆண்டுகளும் கட்டணமும் ஆகும். ஏறியவர் எல்லாருக்கும் வேலை காத்திருக்காது. 'சி' உரிமத்தை ஆடும்போதே எடுத்துவிடுங்கள். சிறுவர் பயிற்சிக் கழகங்களில் வார இறுதி வருமானத்துக்கு அது உதவும். அதையே வாழ்க்கையாக எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. காலைப் பயிற்சி முடிந்தால் பிற்பகல் முழுவதும் நாம் என்ன செய்தோம்? தூங்கினோம், கைப்பேசியில் விளையாடினோம், 'மாமாக்' உணவுக்கடையில் அமர்ந்தோம். 'ஓய்வும் பயிற்சியின் பகுதி' என்று பயிற்றுநர்கள் சொல்வது உண்மை. ஆனால் நாள்தோறும் ஆறு மணி நேர ஓய்வு எந்த உடலுக்கும் தேவையில்லை. வயது 21-ஐக் கடந்தவர்கள், கல்வித் தகுதி குறைவாக இருந்தாலும் பணி அனுபவத்தை மதிப்பிட்டுப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளும் அபெல் என்ற முறை நம் பல்கலைக்கழகங்களில் உண்டு. என் காலத்தில் அதைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

செந்தூல்வாசி எழுதியது:

நெதர்லாந்தில் ஒரு நிதி 1972 முதல் நடந்து வருகிறது. தொழில்முறை ஆட்டக்காரரின் வருமானத்தில் ஒரு பகுதி கட்டாயமாக அதில் சேர்க்கப்பட்டு, அவர் ஆட்டத்தை விட்டபின் மாதந்தோறும் திருப்பித் தரப்படுகிறது. முதுமை வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் தொழிலைத் தேடும் இடைக்காலத்துக்கென்றே அமைந்த ஏற்பாடு அது. கணக்கர் சொன்ன 23 ஆண்டு இடைவெளிக்கு இதைவிடப் பொருத்தமான மருந்தை நான் அறியேன். நம் லீக்கில் அதைத் தொடங்கச் சம்மேளனமும் ஆட்டக்காரர் சங்கமும் ஒரே மேசையில் அமர வேண்டும்.

ஆனால் பணம் மட்டும் போதாது என்பதற்கு ஜெர்மனியின் கெர்டு முல்லரைச் சொல்வேன். 1974 உலகக் கிண்ண இறுதியில் வெற்றிக் கோலை அடித்தவர், ஆட்டத்தை விட்டபின் மதுவில் மூழ்கினார். 1990-களின் தொடக்கத்தில் அவரோடு ஆடிய பழைய தோழர்களும் அவருடைய பாயர்ன் மூனிக் கழகமும் சேர்ந்து சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அதன்பின் கழகத்திலேயே இளையோரையும் இரண்டாம் அணியையும் பயிற்றுவிக்கும் வேலை கொடுத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். சிகிச்சைக்குப் பணம் கட்டியதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். காலையில் வருவதற்கு ஓரிடம் கொடுத்தார்கள். நம் மாநிலச் சங்கங்களுக்கு பாயர்ன் அளவுக்கு வசதி இல்லை. ஆனால் ஒவ்வோர் அணியின் சட்டையிலும் நிறுவனங்களின் பெயர்கள் இருக்கின்றன. அந்த நிறுவனங்களில் ஆட்டக்காரர்களுக்கு வாரம் இரண்டு பிற்பகல் பயிற்சி வேலை தர வேண்டும் என்பதை விளம்பர ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்தால் என்ன?

பிஜே கணக்கர் எழுதியது:

நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும், கழகங்கள்தான் தயங்கும். காயம் பட்டால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். அதற்கு சொக்சோ இருக்கிறது என்று நான் பதில் சொல்வேன்.

இளைய தம்பிக்கு: சேமநிதிப் பங்கைக் கழகம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாதந்தோறும் 16-ஆம் தேதி செயலியைத் திறந்து பாருங்கள். ஆண்டு முடிவில் பார்ப்பதால் பயனில்லை. இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், 15 நாள் கெடு கொடுத்து எழுத்தில் அறிவித்தபின் ஒப்பந்தத்தை முறிக்க ஃபிஃபாவின் விதி உரிமை தருகிறது. வாய்ப்பேச்சில் கேட்டதற்குச் சான்று கிடையாது, எழுதிக் கேளுங்கள்.

இளைய நடுக்களம் எழுதியது:

இப்போதே செயலியைப் பார்த்தேன். கடந்த இரண்டு மாதப் பங்கு வரவில்லை. கடிதத்தை எப்படி எழுதுவது என்று தனிமடலில் கேட்கிறேன், ஐயா. பருவம் முடிந்தபின் மூன்று மாத இடைவெளி இருக்கிறது. அதில் எங்காவது வேலை கற்றுக்கொள்ள முடியுமா என்றும் யோசிக்கிறேன்.

பட்டர்வொர்த் வலக்காவலர் எழுதியது:

எங்கள் கிடங்கில் ஆண்டிறுதியில் சரக்கிருப்புக் கணக்கெடுப்புக்குத் தற்காலிக ஆள்கள் எடுப்பார்கள். நாள்கூலிதான், பெரிய தொகை இல்லை. கணினியில் பதிவு செய்வதை நானே சொல்லித் தருகிறேன். மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டேன், உங்களை அவருக்குத் தெரியும். போன பருவத்தில் பினாங்கு அரங்கில் நீங்கள் தவறவிட்ட தண்ட உதையை இன்னும் மறக்கவில்லை என்றார். அதைப் பற்றி முதல் நாள் கேலி செய்வார், பொறுத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையின் நகலும் சேமநிதி எண்ணும் கொண்டு வாருங்கள், தம்பி.